பிரசன்ட் சார்!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், வர இயலாமல் போன சிறப்புப் பேச்சாளருக்குப் பதிலாக, இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் நிற்க வேண்டியவர் நான் இல்லை. அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் பெயர் வேறு. அவருக்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளைக்கு முன்னால் செயலாளர் போன் பண்ணி, "தம்பி, நீ வந்து ஒரு இருபது நிமிஷம் பேசிடேன்" என்றார். "என்ன பேசறது சார்?" என்று கேட்டேன். "எதையாவது பேசு, மைக் சும்மா இருக்கக் கூடாது" என்றார். ஆக, நான் ஒரு பதிலாள். இங்கிலீஷில் சப்ஸ்டிட்யூட். நம் கல்லூரி பாஷையில் சொன்னால், ப்ராக்ஸி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பவர்கள் எல்லாம் யார் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் மூன்றாவது பிளாக்கில் என் அறைத் தோழன் காலை முதல் பீரியடுக்கு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அவனுக்காக இரண்டு வருஷம் "பிரசன்ட் சார்" சொன்னவன் நான். என் சொந்தக் குரலில் ஒன்று, கொஞ்சம் கட்டையாக அவனுக்கு ஒன்று. தெர்மோடைனமிக்ஸ் எடுத்த எங்கள் பேராசிரியர் ஒருநாள் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "அவனுக்குப் பதிலா பரீட்சையும் நீயே எழுதிடுவியாப்பா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு அர்த்தம் புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

சில ஆண்டுகளுக்கு முன், வேலை விஷயமாக கெய்ரோ போயிருந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. தஹ்ரீர் சதுக்கத்தில் இருக்கும் பழைய அருங்காட்சியகத்துக்குப் போனேன். எல்லோரும் தங்க முகமூடியைப் பார்க்க முண்டியடித்தார்கள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு சாண் உயரத்தில் வரிசை வரிசையாகச் சின்னப் பொம்மைகள். மம்மி போலச் சுற்றிய உடம்பு, மார்பில் மடித்த கை, கையில் மண்வெட்டி. பெயர் உஷப்தி.

இவை எதற்கு என்று கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். பழைய எகிப்தியர்களின் நம்பிக்கைப்படி, செத்துப்போன பிறகு போகிற உலகத்திலும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, மண் சுமக்கிற வேலை உண்டு. அங்கேயும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ராஜாவாக இருந்தாலும் போய் வேலை செய்ய வேண்டும். அதனால் கல்லறையில் இந்தப் பொம்மைகளை வைத்தார்கள். எஜமானர் பெயரைக் கூப்பிடும்போது, அவருக்குப் பதிலாக இந்தப் பொம்மை "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளையைப் பொம்மையின் உடம்பிலேயே மந்திரமாக எழுதியும் வைத்தார்கள். உஷப்தி என்ற சொல்லுக்கே "பதில் சொல்பவன்" என்று பொருள் சொல்வது உண்டு. அந்த இடத்தில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ப்ராக்ஸி கொடுத்திருக்கிறார்கள்!

1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் மட்டும் 413 உஷப்திகள். கணக்கைப் பாருங்கள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூலியாள், 365. பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி என்று 36. மாசத்துக்கு ஒரு மேலதிகாரி என்று 12. கூட்டினால் 413. நம் ஊர் கான்ட்ராக்டர் கூட மேன்பவர் ஷெட்யூலை இவ்வளவு சுத்தமாகப் போடுவதில்லை.

இன்னொரு விஷயம். இந்த உஷப்திகளில் பல, பளபளவென்று நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். பார்த்தால் விலையுயர்ந்த கல் என்று தோன்றும். கல் இல்லை. குவார்ட்ஸ் மணலை அரைத்து, கார உப்பும் செம்புச் சேர்மமும் சேர்த்துச் சுட்டது. ஃபையான்ஸ் என்பார்கள். ஆளுக்குப் பதில் பொம்மை. பொம்மையிலும் கல்லுக்குப் பதில் இது. மாற்றுக்குள் ஒரு மாற்று.

நீலத்துக்கு ஏன் இத்தனை பாடு? வானத்தின் நிறமான லாபிஸ் லசூலி என்ற கல்லின் மேல் அவர்களுக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் அது கிடைத்தது இன்றைய ஆப்கானிஸ்தானில், படாக்‌ஷான் மலையில். ஆயிரக்கணக்கான மைல் தூரம் கைமாறிக் கைமாறி வர வேண்டும். அதனால் அவர்கள் மணல், சுண்ணாம்பு, செம்பு, கார உப்பு நான்கையும் கலந்து சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, ஒரு நீலத்தைத் தாங்களே செய்தார்கள். இன்று அதை எகிப்திய நீலம் என்கிறோம். மனிதன் செயற்கையாகச் செய்த மிகப் பழைய வண்ணப் பொருள்களில் அது ஒன்று.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அவர்கள் இந்த நீலத்தை லாபிஸ் என்று சொல்லி ஏமாற்றவில்லை. அவர்கள் மொழியில் "மெய்யான லாபிஸ்" என்று ஒரு பெயர், "செய்யப்பட்ட லாபிஸ்" என்று இன்னொரு பெயர். இரண்டுக்கும் மதிப்பு இருந்தது. துட்டன்காமனின் தங்க முகமூடி பத்து கிலோவுக்கு மேல் எடை. அதில் புருவமும் கண்ணைச் சுற்றிய மையும் அசல் லாபிஸ். தலைத்துணியின் நீலப் பட்டைகளோ நீலக் கண்ணாடி. ராஜாவுக்கே கண்ணாடிதான்! அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அந்த முகமூடிக்கு நம் காலத்தில் நடந்த கதையையும் சொல்ல வேண்டும். 2014-இல் அதன் தாடி கழன்றுவிட்டது. அவசர அவசரமாக எபாக்சி பசையை வைத்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஜனவரியில் செய்தி வெளியே வந்து உலகமே பேசியது. பிறகு ஜெர்மானிய நிபுணர் ஒருவர் தலைமையில் அந்த எபாக்சியை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகை வைத்து மறுபடி பொருத்தினார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிலாளி தெரிந்து போட்ட மாற்று இன்னும் நிற்கிறது. நம் காலத்தில் அவசரத்தில் போட்ட மாற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து சீனா. 1974-இல் சியான் நகரத்துக்குப் பக்கத்தில் விவசாயிகள் கிணறு வெட்டும்போது மண் சிப்பாய்கள் கிடைத்தார்கள். படம் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். சின் பேரரசர் கி.மு. 210-இல் இறந்தார். அவருக்குக் காவலாகச் சுமார் 8,000 சுடுமண் வீரர்கள் இருக்கலாம் என்று கணக்கு. ஆளுயரம். முகங்களில் எத்தனையோ வேறுபாடு.

ஆனால் அதே சின் நாட்டின் முந்தைய கதை கொடுமையானது. கி.மு. 621-இல் அந்த நாட்டு அரசர் மூ இறந்தபோது அவரோடு 177 பேரைச் சேர்த்துப் புதைத்தார்கள் என்று சீன வரலாறு சொல்கிறது. கி.மு. 384-இல்தான் அந்த வழக்கத்துக்குத் தடை போட்டார்கள். அப்படிப் பார்க்கும்போது இந்த மண் சிப்பாய் ஒவ்வொருவரும், மண்ணுக்குள் போகாமல் தப்பித்த ஒரு மனிதருக்குப் பதிலாக நிற்பதுபோல எனக்குத் தோன்றும். மாற்று என்பது மட்டமான சரக்கு என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். இங்கே மாற்று வைப்பதுதான் தர்மம்.

இதற்குப் பின்குறிப்பு ஒன்று உண்டு. பொறியாளர்களே, கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பேரரசர் இறந்து சுமார் நூறு வருஷம் கழித்து எழுதிய சீமா சியான் என்ற வரலாற்றாசிரியர் சொல்கிறார்: கல்லறைக்குள் பொறிகளை அமைத்த கைவினைஞர்களை, ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று உள்ளேயே வைத்துக் கதவை மூடிவிட்டார்களாம். சிப்பாய்க்கு மண் பொம்மை வைத்தார்கள். வேலை செய்தவனுக்கு மாற்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சிப்பாய்களின் உடம்பில், வெளியே எளிதில் தெரியாத இடங்களில், சின்னதாக எழுத்துகள் இருக்கின்றன. அவை செய்த பட்டறை மேஸ்திரிகளின் பெயர்கள். புகழுக்காகப் போட்டதில்லை. ஏதாவது தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக. இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டாம்ப் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சமாசாரம், தம்பிகளா!

இனி நம் ஊருக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். 1951-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பத்தாம் நூற்றாண்டு நடராஜர் ஒருவர். கோயிலுக்கு வந்து சேர்ந்தார். பழுது பார்க்க வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது அவர் இல்லை, அவரைப் போலவே செய்த ஒரு நகல். அசல் கைமாறி வெளியே போய்விட்டது. ஊர் ஜனங்கள் நகலுக்கு அபிஷேகம் பண்ணிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1965-இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில்தான், கோயிலில் இருப்பது புதிதாகச் செய்த நகல் என்ற சேதி அச்சில் வந்தது. 1973-இல் அசலை அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரர் வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976-இல் சமரசம். பத்து வருஷம் அங்கே காட்சிக்கு வைத்துக்கொண்டு, 1986-இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அப்போ அத்தனை வருஷம் ஜனங்க கும்பிட்டது பொய்யா?" இல்லவே இல்லை. கும்பிட்டவர்கள் பக்தி போலி ஆகாது. யோசித்துப் பாருங்கள், நம் கோயில் வழக்கமே பதிலாட்களை வைத்துத்தானே நடக்கிறது? கருவறையை விட்டு மூலவர் நகர முடியாது, அவருக்காக உற்சவர் வீதிக்கு வருகிறார். திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, சுவாமியைக் கலசத்திலோ மரப் பலகையிலோ எழுந்தருளச் செய்கிறார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகும் வரை அந்தப் பலகைக்குத்தான் பூஜை. யாருக்காவது மனக்குறை உண்டா? கிடையாது. ஏனென்றால் வாசலிலேயே "பாலாலயம் செய்யப்பட்டுள்ளது" என்று போர்டு இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்.

சிவபுரத்தில் நகல் செய்தது பாவம் இல்லை. போர்டு வைக்காததுதான் பாவம்.

இதைக் கலைப்பொருள் பாதுகாப்பவர்கள் ஒரு தொழில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். ரோமில் 1939-இல் தொடங்கிய மத்தியப் பாதுகாப்பு நிறுவனத்தில், செசாரே பிராண்டி என்பவர் தலைமையில் ஒரு முறையை உருவாக்கினார்கள். பழைய ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தைப் புதிதாக நிரப்பும்போது, மெல்லிய செங்குத்துக் கோடுகளாலேயே நிரப்ப வேண்டும். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுசாகத் தெரியும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கோடு தெரியும். "இது பழைய ஓவியன் கை இல்லை, எங்கள் கை" என்று அதுவே சொல்லும். ஏதென்ஸில் எரெக்தியோன் கோயிலின் தூண்களாக நிற்கிற பெண் சிலைகள் மொத்தம் ஆறு. ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனுக்குப் போய்விட்டது. மற்ற ஐந்தையும் காற்று மாசிலிருந்து காப்பாற்ற 1979-இல் உள்ளே எடுத்துப் போனார்கள். இன்று கோயிலில் நிற்பவை எல்லாம் நகல். 2009-இல் திறந்த புது அருங்காட்சியகத்தில் ஐந்து அசலும் நிற்கின்றன. ஆறாவது இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். சில சமயம் காலி இடம்தான் நேர்மையான பதிலாள்.

இவ்வளவு நேரம் ஊர் உலகத்துக் கதை சொன்னேன். இப்போது என் கதை. இதை இந்தக் கல்லூரி மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

படிப்பு முடித்து இரண்டு வருஷம். ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். நைட் ஷிஃப்ட். ஒரு நீராவிக் குழாயின் ஃபிளேஞ்சில் கசிவு. லைனை நிறுத்தி, கேஸ்கட்டை மாற்ற வேண்டும். டிராயிங் பிரகாரம் அங்கே போட வேண்டியது ஸ்பைரல் கேஸ்கட். மெல்லிய எஃகுத் தகட்டையும் கிராஃபைட்டையும் சேர்த்துச் சுருளாகச் சுற்றியது. ஸ்டோரில் அந்த சைஸ் இல்லை. ஷீட்டில் வெட்டிய சாதாரண கேஸ்கட்தான் இருந்தது. "இப்போதைக்கு இதைப் போடுவோம், அடுத்த ஷட்டவுனில் மாத்திக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். போட்டோம். லைன் ஓடியது. காலையில் மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். லாக் புக்கில் நான் எழுதியது ஒரே வரி: "கேஸ்கட் மாற்றப்பட்டது." எந்தக் கேஸ்கட் என்று எழுதவில்லை. மேலே லேகிங் சுற்றி மூடியாயிற்று. நான் வேறு பிரிவுக்குப் போனேன். மறந்தும் போனேன்.

ஸ்பைரல் கேஸ்கட்டின் வெளி வளையத்தின் ஓரத்தில் வண்ணம் பூசியிருப்பார்கள். 304 ரக எஃகு என்றால் மஞ்சள், 316 என்றால் பச்சை. மாட்டிய பிறகும் உள்ளே இருப்பது என்ன என்று வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. நான் போட்டதில் வண்ணமும் இல்லை, லாக் புக்கில் வார்த்தையும் இல்லை.

மூன்று மாசம் கழித்து அதே இடத்தில் லேசாகப் புகைந்தது. வயசில் மூத்த ஃபிட்டர் ஒருவர், எனக்கு வேலை கற்றுக் கொடுத்த அண்ணன், டிராயிங்கைப் பார்த்தார். ஸ்பைரல் என்று இருந்தது. போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று, லேகிங்கைப் பாதி விலக்கி, விடியாத வெளிச்சத்தில் ஸ்பேனர் போட்டார். சூட்டிலேயே கிடந்த ஷீட் கேஸ்கட் கெட்டிப்பட்டு நொறுங்குகிற நிலைக்கு வந்துவிடும். சூடாக இருக்கும்போது அதை மறுபடி இறுக்கவே கூடாது. அது பிளந்து, நீராவி அவருடைய வலது முன்கையில் அடித்துவிட்டது.

விசாரணை நடந்தது. "கேஸ்கட் பழுது" என்று எழுதி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அண்ணே, அந்த ஷீட்டைப் போடச் சொன்னது நான்தான்" என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஷீட்டு போட்டது தப்பில்ல சார். ராத்திரி ஸ்டோர்ல இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நான் ஸ்பேனரே போட்டிருக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷ இன்கிரிமென்ட் போயிற்று. அது நியாயம்தான். அதற்குப் பிறகு அந்தப் பிரிவில், தற்காலிகமாக எதை மாற்றிப் போட்டாலும் சிவப்புத் தகடு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. என்ன மாற்று, யார் போட்டது, எந்தத் தேதி, எப்போது எடுக்க வேண்டும். நாலே நாலு வரி. அண்ணன் ஒன்றரை மாசத்தில் வேலைக்குத் திரும்பினார். கையில் தழும்பு இருக்கிறது. இப்போதும் தீபாவளிக்குப் போன் பண்ணுவேன். முதலில் கை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேலைக்குப் போனால் டிராயிங்கில் போட்டபடியே எல்லாம் கிடைக்காது. மாற்று தேடத்தான் வேண்டும். மாற்றுத் தேடத் தெரியாதவன் பொறியாளனே இல்லை. எகிப்தியன் லாபிஸ் கிடைக்காமல் நீலம் செய்தான், அது சாமர்த்தியம். ஆனால் அவனே அதற்கு "செய்யப்பட்டது" என்று பெயரும் வைத்தான். அந்தப் பெயரில்தான் அவன் யோக்கியதை இருக்கிறது. சீனத்து மேஸ்திரி தன் பெயரைப் பொறித்தான். பாலாலயத்துக்குப் போர்டு வைக்கிறார்கள். நீங்களும் சிவப்புத் தகட்டைத் தொங்கவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவன் உங்கள் எழுத்தை நம்பித்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பான்.

அப்புறம் அந்த அறைத் தோழன். அவனுக்கு நான் இரண்டு வருஷம் "பிரசன்ட் சார்" சொன்னேன். தெர்மோ பேப்பரில் அவன் இரண்டு தடவை அரியர் வைத்தான். பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். உஷப்தி எஜமானருக்காக மண் சுமக்கலாம், பரீட்சை எழுத முடியாது. இன்று அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், விழாவுக்கு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டான். டேய், கையைத் தூக்குடா! பார்த்தீர்களா? இன்றைக்கு அவன் சொந்தக் குரலிலேயே பிரசன்ட்.

கடைசியாக, மலர் பொறுப்பாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சை அச்சில் போட்டால், தலைப்புக்குக் கீழே "வர இயலாமல் போன பேச்சாளருக்குப் பதிலாக" என்று ஒரு வரி மறக்காமல் போடுங்கள். லாக் புக்கில் ஒரு தடவை எழுதாமல் விட்டவன் நான். இன்னொரு தடவை விட மாட்டேன்.